லேஅவுட் படங்கள், வீடியோக்கள்: கேமராவை எந்த உயரத்தில் வைத்து எடுத்தீர்கள்?

கைகாட்டி

வணக்கம் நண்பர்களே. உங்கள் மாடல் ரயில் லேஅவுட் படங்களையும் வீடியோக்களையும் இங்கே போடுங்கள். கூடவே ஒரு விவரத்தையும் எழுதுங்கள்: லென்ஸ் எந்த உயரத்தில் இருந்தது?

ஏன் கேட்கிறேன் என்றால், நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். நிஜத்தை 87 மடங்கு சிறிதாக்கிய (1:87) எச்ஓ ஸ்கேலில் அது 18 மி.மீ. நாமோ லேஅவுட்டின் ஓரத்தில் நின்றபடி போனை நீட்டி எடுக்கிறோம். லென்ஸ் தண்டவாளத்துக்கு 40 செ.மீ. மேலே இருக்கிறது. எச்ஓ கணக்கில் அது 35 மீட்டர். பத்து மாடிக்கு மேல் ஏறி நின்று ஒரு ஸ்டேஷனைப் பார்ப்பதற்குச் சமம். எவ்வளவு நுணுக்கமாகச் செய்த என்ஜினும் அந்த உயரத்திலிருந்து பொம்மையாகத்தான் தெரியும். குறை செய்தவர் கையில் இல்லை, பார்க்கும் இடத்தில் இருக்கிறது.

நான் போட்டிருக்கும் முதல் படம் பிளாட்பார முனையிலிருந்து எடுத்தது. போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் கீழே வரும்படி ஜல்லிமேல் நிறுத்தினேன். லென்ஸ் 20 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இரண்டாவது படத்தில் அதே இடம், அதே ரயில், வழக்கமான உயரம். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் பெட்டிகளின் பக்கச்சுவர் உயர்ந்து நிற்கிறது, பாலத்தின் அடிப்பகுதி தெரிகிறது, சிக்னல் கம்பம் வானத்தைத் தொடுகிறது. இரண்டாவதில் கூரைகள்தான் கண்ணில் படுகின்றன.

ஸ்கேல், லென்ஸ் உயரம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, ரயில் ஓடியதா நின்றதா, இவ்வளவு எழுதினால் போதும்.

என் 160

நல்ல தொடக்கம் சார். எங்கள் 'என்' (N) ஸ்கேல்காரர்களின் சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். 1:160இல் கண் உயரம் 10 மி.மீ. தான். போனின் உறையைக் கழற்றித் தலைகீழாக வைத்தாலும் பல போன்களில் லென்ஸின் மையம் அதற்கு மேலேதான் நிற்கும்.

நான் பயன்படுத்தும் வழி கண்ணாடி. சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாலையின் நடுவில் 45 டிகிரி சாய்வாக நிறுத்தி, மேலிருந்து கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்தைப் படம் எடுக்கிறேன். பிறகு கணினியில் இட வலம் மாற்றிவிடுகிறேன். சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி இதற்கு உதவாது. அதில் பூச்சு பின்பக்கம் இருப்பதால் கண்ணாடியின் முன்பரப்பிலிருந்தும் மங்கலாக இன்னொரு பிம்பம் வரும். முன்பக்கப் பூச்சுள்ள கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள்.

இணைத்திருக்கும் படத்தில் லெவல் கிராசிங் கேட்டுக்கு முன்னால் லாரி ஓட்டுநர் காண்பது தெரியும். எதிரே கடந்து போவது சரக்கு ரயில். வெளிச்சம் இடப்பக்கம் ஒரே விளக்கு. ரயில் நின்றிருந்தது.

மலைப்பாதை

கைகாட்டி சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

கண் உயரப் படங்கள் அழகாக இருக்கின்றன, சரி. ஆனால் பத்துப் படம் பார்த்த பிறகும் அந்த லேஅவுட்டில் எந்தப் பாதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. சுரங்கத்துக்குள் நுழைந்த ரயில் எங்கே வெளிவருகிறது? ரயில்கள் மறைந்து நிற்கும் யார்டில் எத்தனை லைன்? பலகையின் அகலம் என்ன, பின்னால் தடம் புரண்டால் கை எட்டுமா? முன்னால் இருந்து 75 செ.மீ.க்கு மேல் கை எட்டுவது கடினம். இந்த விவரம் எதையும் 18 மி.மீ. உயரத்திலிருந்து காட்ட முடியாது.

என் படம் ஏணிமேல் நின்று எடுத்தது, மனமறிந்தே அப்படி எடுத்தேன். இடது மூலையில் இருக்கும் ஹெலிக்ஸை, அதாவது சுருளாக மேலே ஏறும் பாதையை, கவனியுங்கள். ஆரம் 60 செ.மீ., ஒரு சுற்று 3.77 மீட்டர். 2 சதவீத ஏற்றம் வைத்தால் ஒரு சுற்றுக்கு ஏழரை செ.மீ. தான் உயரும். அதில் பலகையின் தடிமனையும் தண்டவாளத்தையும் கழித்தால் பெட்டிக்கு மேலே என்ன மிச்சம் இருக்கும் என்று பாருங்கள். ஹெலிக்ஸ் கட்ட நினைக்கும் ஒருவருக்கு இந்த ஒரு படம் இருபது அழகுப் படங்களைவிடப் பயன்படும்.

கைகாட்டி

> 18 மி.மீ. உயரத்திலிருந்து காட்ட முடியாது

ஒத்துக்கொள்கிறேன் மலைப்பாதை. ஒவ்வொருவரும் மேலிருந்து ஒரு முழுப்படமும் போடட்டும். முடிந்தால் பாதை வரைபடமும்.

ஆனால் கண் உயரப் படத்தை வெறும் அழகு என்று ஒதுக்க வேண்டாம். ஜான் ஆலனை நினைத்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் தன் வீட்டு அடித்தளத்தில் எச்ஓ ஸ்கேலில் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்ற லேஅவுட்டைக் கட்டியவர். தரையிலிருந்து எழும்பும் மலைகள், பள்ளத்தாக்குப் பாலங்கள், அழுக்கேறிப் பழசான என்ஜின்கள் எல்லாம் அதில் இருந்தன. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் அந்த வீட்டில் தீப்பிடித்து லேஅவுட் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அவர் தொழில்முறைப் புகைப்படக்காரர். அந்த உலகத்துக்குள்ளே நின்று எடுத்தது போன்ற படங்களை விட்டுப் போயிருக்கிறார். இன்றைக்கும் நாம் அந்த மலைப்பாதைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்வது அந்தப் படங்களால்தான். பலகையும் பிளாஸ்டரும் ஒருநாள் பிரிக்கப்படும், வீடு மாறும்போது உடையும். படம் மிஞ்சும். அதனால்தான் படத்தை அக்கறையோடு எடுக்கச் சொல்கிறேன்.

ஜல்லிக்கல்

ஆலன் படங்களில் முன்னால் இருக்கும் கல்லும் பின்னால் இருக்கும் மலையும் இரண்டுமே தெளிவாக இருக்கும். அது முக்கியம். நிஜ ரயிலைப் படம் எடுக்கும்போது முன்னும் பின்னும் தானாகவே தெளிவாகக் கிடைத்துவிடும். மாடலில் லென்ஸ் பொருளுக்கு மிக அருகில் இருப்பதால் என்ஜின் மூக்கு தெளிவாக இருந்தால் மூன்றாவது பெட்டி மங்கிவிடும். பார்ப்பவர் அந்த மங்கலைக் கண்டதும் இது சின்னப் பொருள் என்று முடிவு செய்துவிடுகிறார்.

பெரிய கேமராவில் அபர்ச்சரை எஃப் 16 வரை சுருக்கலாம். அதற்கு மேல் போனால் டிஃப்ராக்‌ஷன் காரணமாகப் படம் முழுவதுமே கூர்மை குறையும். போனில் சென்சார் சிறியது, அதனால் ஆழம் இயல்பாகவே கூடுதல். விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம், இந்த வேலைக்குப் போன் நல்ல கருவி.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஃபோகஸ் ஸ்டாக்கிங். ட்ரைபாடிலோ கனமான மரக்கட்டையிலோ கேமராவை அசையாமல் வைத்து, முன்னாலிருந்து பின்னால் வரை ஃபோகஸை மட்டும் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாக எடுக்க வேண்டும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் பூட்டிவிடுங்கள். பிறகு மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் கூர்மையான பகுதியை மட்டும் எடுத்துச் சேர்க்கும். ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் கட்டண மென்பொருள்கள். இலவசமாக வேண்டுமென்றால் ஹ்யூகின் என்ற மென்பொருளோடு வரும் என்ஃப்யூஸ் போதும். எடுக்கும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள். மரத்தின் ஒரு கிளை அசைந்தாலும் அந்த இடத்தில் பேய்நிழல் விழும். புகை விடும் என்ஜினென்றால் புகையை அணைத்துவிடுங்கள்.

என் படம் கல்குவாரிப் பாதை. எச்ஓ, லென்ஸ் 22 மி.மீ. முதல் கல்லிலிருந்து கடைசி வேகன் வரை எண்ணிப் பாருங்கள்.

புதுத்தடம்

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். இரவுக் காட்சி வீடியோ ஒன்று போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வீடியோவில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. பெட்டிகளின் உள்விளக்குகளும் மினுக்குகின்றன. கண்ணால் பார்க்கும்போது பட்டை எதுவும் தெரியவில்லை. டிசிசிதான் (தண்டவாளம் வழியாகவே என்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) பயன்படுத்துகிறேன்.

டிகோடர்

புதுத்தடம், வீடியோவைப் பார்த்தேன். உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கறுப்புப் பட்டைக்குக் காரணம் அறை விளக்கு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண் அதைச் சேர்த்துப் பார்க்கிறது, கேமரா வரிவரியாகப் படிப்பதால் பட்டையாகப் பதிகிறது. ஷட்டரைக் கையால் 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடமென்றால் 1/60 அல்லது 1/120. பல போன்களின் சொந்த ஆப் இதை விடாது, அப்படியென்றால் ஷட்டரைக் கையால் மாற்றவிடும் வீடியோ ஆப் ஒன்று தேவை. எல்இடி பட்டையை டிம்மரில் குறைத்து எரித்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. டிம்மர் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரித்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. படம் எடுக்கும்போது முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி விளக்கு மினுக்குவது வேறு கதை. வீடியோவில் ரயில் தடம் மாறும் பாயின்ட்டைத் தாண்டும்போதுதான் அதிகம் மினுக்குகிறது, கவனித்தீர்களா? சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தொடர்பு அறுகிறது. முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஒவ்வொரு பெட்டியிலும் மின்சாரத்தை ஒரே திசையாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் வைத்து, பின்னால் 25 வோல்ட் தாங்கும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள், தொடர்பு அறும் நொடியில் விளக்குக்கு அது மின்சாரம் தரும். சார்ஜ் ஆகும் பாதையில் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுத்து, மின்சாரம் போட்டவுடனேயே தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ஷார்ட் என்று நினைத்து நின்றுவிடும்.

வீடியோவின் கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் மட்டும் மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது மிக அழகு. அதை அப்படியே விடுங்கள்.

மெதுரயில்

வீடியோ பேச்சு வந்ததால் சொல்கிறேன். நூற்றுக்கு தொண்ணூறு வீடியோக்களில் ரயில் பறக்கிறது. எவ்வளவு நல்ல காட்சியமைப்பையும் வேகம் ஒன்றே கெடுத்துவிடும்.

கணக்கு எளிது. தண்டவாளத்தில் ஒரு மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் குறி போடுங்கள். எச்ஓவில் அந்த ஒரு மீட்டர் நிஜத்தில் 87 மீட்டர். 313ஐ நீங்கள் விரும்பும் வேகத்தால் வகுத்தால், ஒரு மீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆக வேண்டும் என்று வரும். மணிக்கு 60 கி.மீ. என்றால் ஐந்து நொடிக்குச் சற்று மேல். மணிக்கு 100 கி.மீ. என்றால் மூன்று நொடிக்குச் சற்று மேல். யார்டில் ஷன்டிங் 15 கி.மீ. என்றால் 21 நொடி. 'என்' (N) ஸ்கேலுக்கு 313க்குப் பதில் 576.

இந்த 21 நொடியில்தான் என்ஜினின் தரம் தெரியும். என்ஜினுக்குள் இருந்து டிசிசி கட்டளையைப் படிக்கும் டிகோடரில் சி.வி. 2 என்ற அமைப்பு எண்ணைச் சரிசெய்து, கன்ட்ரோலரின் முதல் படியிலேயே சக்கரம் அசையும்படி வையுங்கள். சி.வி. 5இல் உச்ச வேகத்தை வெட்டுங்கள். சி.வி. 3, சி.வி. 4 இரண்டையும் கூட்டினால் கிளம்புவதும் நிற்பதும் கனமாகத் தெரியும். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள ரயில் சட்டென்று நிற்காது. ஜெஎம்ஆர்ஐ என்ற கணினி மென்பொருளில் டிகோடர்புரோ இருக்கிறது, இலவசம். எண்களை மனப்பாடம் செய்யாமலே மாற்றலாம்.

இணைப்பில் 15 கி.மீ. வேகத்தில் ஆறு வேகன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்தும் வீடியோ. வெட்டாமல் முழுதாகப் போட்டிருக்கிறேன். நீளம்தான், பொறுமையோடு பாருங்கள்.

ஜல்லிக்கல்

முழுதாகப் பார்த்தேன். மூன்றாவது வேகன் கப்ளரை (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) தொடும் இடத்தில் துளி அதிர்வு இல்லை. அருமை.

என் 160

மெதுரயில் சார், ஒரு மாற்றுக் கருத்து. ஓடும் வேகம் கணக்குப்படி சரியாக இருந்தாலும் பெட்டிகள் ஆடும் விதம் சின்னப் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நிஜப் பெட்டி மெதுவாகச் சாய்ந்து எழும், மாடல் பெட்டி படபடவென்று நடுங்கும். புவியீர்ப்பால் நடக்கும் அசைவுகள் ஸ்கேலின் வர்க்கமூல அளவுக்கு வேகமாக நடக்கும். 87க்கு வர்க்கமூலம் 9.3, 160க்கு ஏறக்குறைய 12.6. மாடல் வெடிப்புகளையும் கப்பல்களையும் சினிமாக்காரர்கள் அதிவேக ஃபிரேமில் எடுப்பது இதனால்தான்.

ஒன்பது மடங்கு மெதுவாக்க வேண்டுமென்றால் ரயிலை ஒன்பது மடங்கு வேகமாக ஓட்ட வேண்டும், தடம் புரளும். இரண்டு மடங்கு போதும். ரயிலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து, 30இல் ஓட்டுங்கள். மோட்டாரின் சின்னச் சின்ன உதறல்கள் மறையும். பாயின்ட்டைத் தாண்டும் அதிர்வு மென்மையாகும்.

மெதுரயில்

பயன்படும் வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒலி போய்விடுமே? சவுண்ட் டிகோடரை வைத்திருப்பவர் அதை எப்படி விடுவார்? மேலும், மெதுவாக ஓடும் என்ஜினைக் காட்டும் வீடியோ என்றால் அதில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பார்ப்பவர் அந்த மெக்கானிசத்தை நம்பித்தான் பாராட்டுகிறார். காட்சிக்காக எடுக்கும் வீடியோவில் செய்யுங்கள், அப்போதும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

மலைப்பாதை

ஒலியைப் பற்றி ஒரு வரி. நிறைய வீடியோக்களில் என்ஜின் சத்தத்தைவிடப் பலகை சத்தம்தான் கேட்கிறது. மெல்லிய பிளைவுட்டில் தண்டவாளத்தை நேரடியாக ஆணியடித்தால் பலகை மேளமாகிவிடும். நடுவில் கார்க் போட்டு, ஆணிக்குப் பதில் இளகலாகவே இருக்கும் காக் (caulk) பசையால் ஒட்டுங்கள். ஜல்லியை இறுக்கமாக உறையும் பசையால் ஒட்டினால் சத்தம் மறுபடி பலகைக்கு இறங்கும், அங்கேயும் சற்று இளகலான பசை நல்லது. மைக்கைப் பலகைமேல் வைக்காமல் தனி ஸ்டாண்டில் என்ஜினுக்கு மேலே பிடியுங்கள்.

புதுத்தடம்

டிகோடர் சார், துடைத்ததும் பாதி மினுக்கல் போய்விட்டது. ஷட்டர் 1/50 வைத்ததில் பட்டை முழுவதும் போய்விட்டது. மிக்க நன்றி.

கைகாட்டி சொன்னபடி போனைக் கவிழ்த்து ஒரு படம் எடுத்திருக்கிறேன். என்ஜின் பிரமாதமாகத் தெரிகிறது. ஆனால் தண்டவாளம் ஏன் இவ்வளவு தடியாகத் தெரிகிறது? வளைவில் பெட்டிகளுக்கு நடுவே பெரிய இடைவெளியும் தெரிகிறது. எச்ஓ, கோடு 100 தண்டவாளம்.

கைகாட்டி

புதுத்தடம், உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கோடு 100 என்றால் தண்டவாளத்தின் உயரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, 2.54 மி.மீ. அதை 87ஆல் பெருக்குங்கள், 22 செ.மீ. வரும். நிஜத்தில் நம்மூர்க் கனரகத் தண்டவாளமே 17 செ.மீ. தான். கோடு 83 என்றால் 18 செ.மீ. ஆகிறது, கோடு 70 என்றால் பதினைந்தரை. மேலிருந்து பார்க்கும்போது தண்டவாளத்தின் தலை மட்டும் தெரிவதால் வித்தியாசம் புரியாது. தரையில் லென்ஸை வைத்தால் பக்கவாட்டு உயரம் அப்படியே தெரிந்துவிடும்.

போட்ட பாதையைப் பிடுங்க வேண்டாம். பளபளக்கும் பக்கங்களுக்குத் துருநிறப் பெயின்ட் அடியுங்கள், மேல்பரப்பை உடனே துடைத்துவிடுங்கள். பழுப்பாகிவிட்டால் கண் அந்த உயரத்தை அளக்காது. ஸ்லீப்பர் கட்டைகளையும் ஒரே கறுப்பில் விடாமல் சாம்பல், பழுப்பு என்று கலந்து பூசுங்கள். ஜல்லி கட்டையின் மேல்மட்டம் வரை வரட்டும். பாயின்ட்டின் நாக்குப் பக்கம் மட்டும் ஜல்லியும் பசையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைவுக்குத் தீர்வு கேமரா இடம்தான். வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்தால் பெட்டி முனைகள் விரிந்து இடைவெளி பெரிதாகத் தெரியும். உட்பக்கத்திலிருந்து எடுங்கள், முனைகள் ஒன்றை ஒன்று நெருங்கி ரயில் ஒரே உடலாக வளையும். குறுகிய ஆரம் உள்ளவர்களுக்கு இது பெரிய வரம்.

டிகோடர்

கேமராவை வேகனிலேயே ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஹாம்பர்க்கில் இருக்கும் மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் கண்காட்சியில் 2016இல் கூகுள் ஸ்ட்ரீட் வியூவுக்காகச் சின்னஞ்சிறு கேமராக்களை ரயில்களிலும் வண்டிகளிலும் வைத்துப் படம் பிடித்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆசை. இப்போது ஒரு தட்டை வேகனில் சின்ன கேமராவைப் பொருத்தி என்ஜினுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு ஓட்டுகிறேன். வீடியோ இணைப்பில். சுரங்கத்துக்குள் எங்கெங்கே பசை வழிந்திருக்கிறது, எந்த ஜாயின்ட் தூக்கியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தது. மறைவான யார்டைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மலைப்பாதை

இதுதான் வேண்டும். என் மேல்பார்வைப் படத்தையும் கைகாட்டியின் கண் உயரத்தையும் இந்த வீடியோ சேர்த்துவிட்டது. நான் இப்போது உங்கள் பாதை முழுவதையும் மனத்தில் வரைந்துவிட்டேன். இரண்டாவது சுரங்கம் திரும்பும் லூப்தானே?

டிகோடர்

ஆமாம் சார், லூப்தான். அங்கே தண்டவாளத்தின் மின் இணைப்பைத் தானாகத் திருப்பிவிடும் ஆட்டோ ரிவர்சர் இருக்கிறது.

ஜல்லிக்கல்

ஒரு கேள்வி. படத்தில் கணினி வழியாக வானத்தைச் சேர்ப்பது, நீராவி என்ஜினுக்குப் புகை வரைவது, கம்பிகளை அழிப்பது, இவை சரியா? என் கருத்து: செய்யலாம், ஆனால் சொல்ல வேண்டும். இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள வருபவர் சேர்க்கப்பட்ட மேகத்தைப் பார்த்து, அந்த மாதிரி பின்திரை வரைய என்ன பெயின்ட் என்று தேடிக்கொண்டிருப்பார்.

என் 160

என் கருத்தும் அதுவே. இட வலம் மாற்றியதைக்கூட நான் எழுதியது அதனால்தான்.

வெறும் பலகை

எல்லாப் படங்களையும் பார்த்துக்கொண்டு வந்தேன். என் லேஅவுட்டில் பிளைவுட், கார்க், தண்டவாளம், இவ்வளவுதான் இருக்கிறது. மலை இல்லை, மரம் இல்லை. இந்த நிலையில் படம் போடலாமா?

பின்திரை மட்டும் வெளிர்நீலத்தில் அடித்து வைத்திருக்கிறேன். ஆனால் எந்தப் பக்கம் விளக்கு வைத்தாலும் ரயிலின் நிழல் வானத்தில் விழுகிறது.

கைகாட்டி

கட்டாயம் போடுங்கள். இன்று எடுக்காத படத்தை மலை வந்த பிறகு எடுக்க முடியாது. ஒயரிங் எங்கே இறங்குகிறது, பாயின்ட் மோட்டார் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இப்போதுதான் தெரியும். பலகைக்கு அடிப்பக்கத்தையும் ஒன்று எடுத்துவையுங்கள், பழுது பார்க்கும் நாளில் அதுதான் உங்களுக்கு வரைபடம்.

நிழலுக்கு: விளக்கை லேஅவுட்டின் முன் ஓரத்துக்கு மேலே, உயரமாக வைத்து, சற்று உள்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். நிழல் பின்னால் போகாமல் தரையில் குட்டையாக விழும். கடைசித் தண்டவாளத்துக்கும் பின்திரைக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். இடம் இல்லையென்றால் ஒரு வரிசை மரத்தையோ கட்டட முகப்பையோ நிறுத்துங்கள், நிழல் அதன்மேல் விழட்டும். பின்திரையின் மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைத்துவிடுங்கள். எல்இடி வாங்கும்போது நிறத் துல்லியத்தைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அது குறைந்தால் சிவப்பும் பழுப்பும் செத்துப்போகும். அறைக்குள் நிறம் வேறுபடும் இரண்டு விளக்குகளை ஒன்றாக எரிக்க வேண்டாம்.

வெறும் பலகை

விளக்கை முன்னால் நகர்த்தினேன், வானத்தில் நிழல் இல்லை. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். எச்ஓ. முதலாவது ஏணியிலிருந்து, இரண்டாவது லென்ஸ் 19 மி.மீ., மூன்றாவது பலகைக்கு அடிப்பக்கம். ரயில் நின்றிருந்தது.

மலைப்பாதை

மூன்றாவது படத்தில் வலது ஓரம் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் ஒரே முனையில் போவது போலத் தெரிகிறது. மின்சாரம் போடுவதற்கு முன் அந்த இடத்தை இன்னும் அருகிலிருந்து எடுத்துப் போடுங்கள்.